கெட்ட செய்தி வந்த இரவில் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது: படபடப்பை எண்ணவும் அடக்கவும் ஒரு முழு வழிகாட்டி

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய ஒரு நாள் சாயங்காலம். முந்தின நாள் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போன படகுகளில் ஒன்று மட்டும் கரைக்கு வரவில்லை. நான் அப்போது தீவுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் செவிலியராக இருந்தேன். அந்தப் படகில் போனவரின் மனைவியை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். "சிஸ்டர், நெஞ்சு வெடிச்சுரும் போல இருக்கு, மூச்சு வாங்க முடியல" என்று அலறினார். கை சில்லிட்டு வியர்த்திருந்தது. விரல்கள் கொக்கி போல மடங்கி விறைத்திருந்தன. மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். நிமிடத்துக்கு 132.

அவர் பின்னால் வந்த மாமியாருக்கு வயது 64. சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு என்ன செய்யுது ஆத்தா?"

"ஒண்ணுமில்ல தாயி, வாய்வு. வர்ற வழியில சோடா குடிச்சேன். நீ அவளைப் பாரு."

மருமகளுக்கு ஈசிஜி எடுத்தோம். வேகத்தைத் தவிர வேறு கோளாறு இல்லை. அரை மணி நேரத்தில் நாடி 96-க்கு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் மாமியாரைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தோம். தாளில் வந்த கோடுகளைப் பார்த்ததும் மருத்துவர் 108-க்குப் போன் போடச் சொன்னார். அந்த அம்மா நாற்பது நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்பது நிமிடம் இன்றும் என் மனதை விட்டுப் போகவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அலறுகிறவருக்குத்தான் ஆபத்து, பேசாமல் இருப்பவருக்கு ஒன்றுமில்லை என்று கண் சொல்லும். கண்ணை நம்பாமல் நாடியை எண்ணுங்கள். அதை எப்படிச் செய்வது, எண்ணி வந்த கணக்கை வைத்து என்ன முடிவெடுப்பது என்பதுதான் கீழே வருகிறது.

முதலில், உடம்புக்குள் நடப்பது

நம் பேச்சே இதில் பாதியைச் சொல்லிவிடுகிறது. வயிற்றில் புளியைக் கரைத்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது, கை கால் வெலவெலத்தது, மயிர்க்கூச்செறிந்தது என்கிறோமே, இவை வெறும் பேச்சு அல்ல. பயம் வந்ததும் குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. புளி கரைவது அதுதான். உமிழ்நீர் வற்றுகிறது, நாக்கு ஒட்டுகிறது. தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, கை சில்லிடுகிறது, முகம் வெளுக்கிறது. மயிர்க்கால்களில் உள்ள சின்னத் தசைகள் இழுபடுகின்றன. இதை எல்லாம் செய்பவை பரிவு நரம்புகள்.

இந்த நரம்புகளுக்குக் கட்டளை போவது மூளையின் ஆழத்திலிருந்து. பாதாம்பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி, நாம் செய்தியை யோசித்து முடிக்கும் முன்பே ஆபத்து என்று குறித்துவிடுகிறது. அங்கிருந்து ஹைப்போதலாமஸ், முதுகுத்தண்டு, அப்புறம் இதயம். அதே நேரத்தில் இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகின்றன.

இதயத்துக்குச் சொந்தமாக ஒரு வேகம் உண்டு. வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு, யாரும் சொல்லாமலே மின்துடிப்பை எழுப்புகிறது. நரம்புகள் எதுவும் தொடாமல் விட்டால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை அடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு 70-ஐ ஒட்டி இருக்கக் காரணம் வேகஸ் நரம்பு. மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் இந்த நரம்பு, நீரோட்டத்தில் நிற்கும் வத்தையை, அதாவது சிறு படகை, கயிறு பிடித்து நிறுத்துவதுபோல இதயத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. கயிற்றைத் தளர்த்தினாலே வத்தை நகர்ந்துவிடும், எஞ்சினைத் தட்ட வேண்டியதில்லை. பயத்தில் முதலில் நடப்பதும் அதுதான். ஒரே துடிப்புக்குள் வேகஸின் பிடி தளர்கிறது. சில நொடி கழித்துத்தான் பரிவு நரம்புகளும் அட்ரினலினும் எஞ்சினை முடுக்குகின்றன.

வேகஸ் எப்படி இதயத்தை அடக்குகிறது என்பதை 1921-ல் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஒரு இதயத்தின் வேகஸைத் தூண்டினார், அது மெதுவானது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதன் நரம்பை யாருமே தொடவில்லை, அதுவும் மெதுவானது. நரம்பு வேதிப்பொருள் மூலம் பேசுகிறது என்று அப்படித்தான் தெரிந்தது. 1936-ல் ஹென்றி டேலோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ரத்தத்தில் அட்ரினலின் அதிக நேரம் தங்காது. இரண்டு மூன்று நிமிடத்திலேயே அதில் பாதி போய்விடும். கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்புதான் மெதுவாக வந்து இருபது முப்பது நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். அப்படியானால் படபடப்பு மணிக்கணக்கில் நீடிப்பது ஏன்? நாம் திரும்பத் திரும்ப ஊற்றிக்கொள்வதால். போன் அடிக்கிறது, யாரோ வந்து "ஏதாவது தெரிஞ்சுச்சா?" என்று கேட்கிறார்கள், வாட்ஸ்அப்பில் பழைய புயல் வீடியோ வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புது ஊற்று. அந்த மருமகளின் நாடியை எண்ணிக்கொண்டிருந்தபோதே இதைப் பார்த்தேன். 110-க்கு இறங்கியிருந்தது. அவர் மடியில் இருந்த போன் அடித்தது, 128-க்கு ஏறியது. ராங் நம்பர்.

முதல் படி: உட்காரவை, கூட்டத்தைக் குறை

செய்தி கேட்டுத் தடுமாறுகிறவரை நிற்க விடாதீர்கள். சாய்ந்து உட்காரவையுங்கள். தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்றால் தரையில் படுக்கவைத்துக் கால்களை ஒரு தலையணை உயரம் தூக்கிவையுங்கள். சுற்றி நிற்பவர்களை விலக்கி, ஒரே ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும். போனை அந்த ஒருவர் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

கெட்ட செய்தி கேட்டு மயங்கி விழுவது பெரும்பாலும் வேகஸ் நரம்பின் வேலை. வேகம் ஏற வேண்டிய இடத்தில் வேகஸ் திடீரென்று இறுக்கிப் பிடிக்கிறது. நாடியும் பிபியும் ஒன்றாகச் சரிகின்றன, மூளைக்கு ரத்தம் குறைகிறது, ஆள் சாய்கிறார். படுத்தவுடன் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிடும். அவசரப்பட்டு எழுப்பி உட்காரவைத்தால் மறுபடி விழுவார். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது.

விழுந்தவர் கூப்பிட்டால் அசையவில்லை, மூச்சும் இல்லை, அல்லது திணறித் திணறி எப்போதாவது ஒரு மூச்சுதான் வருகிறது என்றால் இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடு எலும்பில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது.

இரண்டாம் படி: நாடியை எண்ணு

எல்லாவற்றையும்விட நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கும் ஓரத்தில் உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதற்கே துடிப்பு உண்டு, கணக்கு குழம்பும். அழுத்தி நசுக்கவும் வேண்டாம். போன் கடிகாரத்தைப் பார்த்து முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் அறுபது நொடியும் எண்ணுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் கிடந்தால் அதிலும் நாடி தெரியும். ஆனால் விரல் சில்லிட்டிருந்தாலோ துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ அது தப்பாகக் காட்டும். விரல்தான் நம்பகமானது. தாளம் சீராக இருக்கிறதா இல்லையா என்று விரல் சொல்லிவிடும்.

எண்ணிய பிறகு மூன்று கேள்விகள். எவ்வளவு வேகம்? தாளம் சீரா? எப்படித் தொடங்கியது?

பெரியவர்களுக்குச் சும்மா இருக்கும்போது 60 முதல் 100 வரை சாதாரணம். பயத்தில், அழுகையில் 110, 120, 130 என்று ஏறும். மெல்ல மெல்ல ஏறி மெல்ல மெல்ல இறங்கும், தாளம் கடிகாரம் போலச் சீராக இருக்கும். சைனஸ் கணு தன் வேலையை வேகமாகச் செய்கிறது, அவ்வளவுதான். மருமகளுக்கு இருந்தது இதுதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது சுவிட்சைப் போட்டதுபோல ஒரே நொடியில் 160, 180, 200 என்று பாய்ந்து, அதேபோல ஒரே நொடியில் நின்றுவிட்டால் கதை வேறு. இதயத்தின் மின்பாதையில் ஒரு குறுக்குச் சுற்று உருவாகி, துடிப்பு அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடுகிறது. எஸ்விடி என்பார்கள். அதிர்ச்சி இதைத் தொடங்கிவைக்கலாம். ஆனால் சுற்றுப்பாதை அதற்கு முன்பே அங்கே இருந்திருக்கும். இதைக் குணப்படுத்த வழி உண்டு. பல வருடம் "உனக்குப் பயந்த சுபாவம்" என்று கேட்டுக் கேட்டே காலம் கழித்த பெண்கள் இதில் நிறையப் பேர். ஓடும்போதே எடுத்த ஒரு ஈசிஜி தாள் அந்தப் பெயரைத் துடைத்துவிடும்.

"நெஞ்சு ஒரு அடி விட்டுப்போய் அப்புறம் டொக்குன்னு இடிக்குது" என்பது இன்னொரு வகை. உண்மையில் துடிப்பு எதுவும் விட்டுப்போகவில்லை. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி, அந்த இடைவெளியில் இதயத்தில் ரத்தம் கூடுதலாக நிரம்பிவிடுவதால் அடுத்த துடிப்பு பலமாக இடிக்கிறது. ஆரோக்கியமான இதயத்திலும் இது வரும். அட்ரினலின், தூக்கமின்மை, கடுங்காப்பி மூன்றும் சேர்ந்தால் அதிகமாக வரும். அடிக்கடி வந்தால் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள், பதற வேண்டாம்.

தாளமே இல்லாமல், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் கணக்கு பிடிபடாமல் ஓடினால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். வயதானவர்களிடமும் பிபி உள்ளவர்களிடமும் அதிகம். துக்கத்தில் அளவுக்கு மீறிக் குடித்த ஆண்களிடமும் பார்த்திருக்கிறேன். படபடப்பு அடங்கிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

நாடி 50-க்குக் கீழே போய்த் தலைசுற்றலும் இருந்தால், அல்லது 150-க்கு மேல் போய்ப் பத்து நிமிடத்தில் இறங்காவிட்டால், வேறு யோசனையே வேண்டாம், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மூன்றாம் படி: மூச்சை நீட்டி விடு

ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு இது. மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். விரலை மணிக்கட்டில் வைத்துக்கொண்டே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். விடும் நேரத்தில் வேகஸின் பிடி இறுகுகிறது. ஆகவே விடுவதை நீட்டினால் இதயம் அடங்கும்.

மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுங்கள். ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து முதல் பத்து நிமிடம் செய்ய வேண்டும். முதல் ஒரு நிமிடத்தில் பலன் தெரியாது, அதற்குள் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பதறியவரிடம் "மூச்சை இழு, விடு" என்று கட்டளை போட்டால் நடக்காது. எதிரே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களே சத்தம் கேட்க மூச்சுவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு உங்கள் மூச்சோடு சேர்ந்துகொள்ளும்.

இத்தாலியில் ஆய்வாளர்கள் ஜெபமாலை சொல்கிறவர்களின் மூச்சை அளந்து 2001-ல் எழுதினார்கள். அருள்நிறை மரியே செபத்தை லத்தீனில் முறையாகச் சொல்லும்போது மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறை ஒட்டி அமைந்துவிடுகிறது. தங்கச்சிமடத்து வீடுகளில் படகு வராத இரவில் ஜெபமாலை உருட்டும் பாட்டிகளை நினைத்துக்கொண்டேன். நமசிவாய சொல்லுங்கள், திக்ரு சொல்லுங்கள், எதுவானாலும் ஒரே மூச்சில் ஒரு வரி என்று நிதானமாக இழுத்துச் சொன்னால் போதும்.

மருமகளின் விரல்கள் ஏன் மடங்கின? வேகவேகமாக மூச்சு வாங்கியதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிட்டது. அதனால் நரம்புகள் எளிதில் தூண்டப்பட்டு, உதடு மரத்து, விரல் நுனியில் ஊசி குத்தி, கை கோணிக்கொண்டது. பார்க்கப் பயமாக இருக்கும், மூச்சு அடங்கியதும் போய்விடும். காகிதப் பையை மூக்கில் வைத்து ஊதச் சொல்லும் பழைய வழக்கம் வேண்டாம். அது மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் ஆக்சிஜன் குறைந்து ஆபத்தாகிவிடும்.

முகத்துக்குக் குளிர்ந்த தண்ணீர்

மண்டபம், பாம்பன், சின்ன ஏர்வாடிப் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு முங்குவார்கள். முகம் தண்ணீரைத் தொட்டு, மூச்சும் அடங்கிய அந்த நொடியில் அவர்கள் இதயம் மெதுவாகிறது. முகத்தின் தோலிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வேகஸைத் தூண்டிவிடுகிறது. திமிங்கிலத்துக்கும் நீர்நாய்க்கும் மனிதனுக்கும் பொதுவான அனிச்சைச் செயல் இது.

வீட்டில் செய்ய, ஐஸ் கட்டி போட்ட தண்ணீரில் துண்டை நனைத்து, நெற்றியும் கண்ணைச் சுற்றிய பகுதியும் மூடும்படி பதினைந்து முதல் முப்பது நொடி வைத்து எடுங்கள். முகத்துக்கு மட்டும்தான். பயந்துபோய் இருப்பவரைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நனைக்கக் கூடாது. உடம்பு திடீரென்று குளிர்ந்தால் இதயத்தை ஒரு பக்கம் பரிவு நரம்பு முடுக்கும், மறு பக்கம் வேகஸ் இழுக்கும். இந்த இழுபறியிலேயே தாளம் கெடலாம். ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கும் நாடி மெதுவாக இருப்பவருக்கும் மயங்கி விழுந்தவருக்கும் இந்த முறையே வேண்டாம்.

எஸ்விடி என்று மருத்துவர் உறுதி செய்தவர்களுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. பத்து மில்லி சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்குப் பதினைந்து நொடி ஊதிவிட்டு, உடனே மல்லாந்து படுக்க, இன்னொருவர் கால்களைப் பதினைந்து நொடி தூக்கிப்பிடிக்க வேண்டும். பிரிட்டனில் 2015-ல் வெளியான பரிசோதனையில் நூற்றுக்கு 43 பேருக்கு இப்படியே தாளம் திரும்பியது. படுக்காமல் ஊதியவர்களில் 17 பேருக்குத்தான் திரும்பியது. மருத்துவரிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டு செய்யுங்கள். கழுத்து நாளத்தைப் பிசைந்துவிடுவது மட்டும் வீட்டில் கூடவே கூடாது.

எப்போது 108

நெஞ்சின் நடுவில் பாரம், இறுக்கம், எரிச்சல். தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி. குளிர்ந்த வியர்வை. படுத்தால் மூச்சு முட்டுவது. மயக்கம். இதில் ஏதாவது ஒன்று பத்து நிமிடம் நீடித்தாலே கூப்பிட்டுவிடுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் குமட்டல், அசதி, மேல்வயிற்று உப்புசம் என்று மட்டும் வரலாம். வாய்வு என்ற வார்த்தையை மருத்துவர் சொல்லட்டும். ஈசிஜி பார்க்கும்வரை வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.

நம் பக்கத்துக்கு இதில் கூடுதல் அவசரம் இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து மாவட்டத் தலைநகரான ராமநாதபுரத்துக்குச் சுமார் 55 கிலோமீட்டர், மதுரைக்கு 170 கிலோமீட்டர். மூக்கையூர், வாலிநோக்கம் பக்கத்திலிருந்தும் சாலைப் பயணம் நீளம். விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க நேரமில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் போங்கள். தமிழ்நாடு அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள், அதாவது ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின், அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள்.

அங்கே போனதும் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. முதல் தாள் நன்றாக இருந்து வலி மட்டும் தொடர்ந்தால் இரண்டாவது தாள் எடுக்க வேண்டும். எடுத்த தாளை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஈசிஜி தாளில் உள்ள கோடுகள் நாளடைவில் மங்கிவிடும், ஐந்து வருடம் கழித்து அந்தப் படம் உயிர் காக்கலாம்.

அந்த மாமியாருக்கு என்ன ஆனது

ஈசிஜி மாரடைப்பு போலவே இருந்தது. ராமநாதபுரத்தில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தபோது இதயத்தின் இடது கீழறை நுனி சுருங்காமல் பலூன் போல ஊதி நின்றது. பிறகு ஆஞ்சியோ செய்து பார்த்ததில் ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை. இதற்கு டாகோட்சுபோ என்று பெயர். 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் வைத்தது. அங்கே பேய்க்கணவாய் பிடிக்கக் கடலில் இறக்கும் மண்பானைக்கு அந்தப் பெயர். கழுத்து குறுகலாகவும் அடி உருண்டும் இருக்கும். அதிர்ச்சியில் ஊதிய இதயம் எக்ஸ்ரே படத்தில் அதே உருவில் தெரிந்தது.

அட்ரினலின் வெள்ளமாகப் பாயும்போது இதயத் தசையின் ஒரு பகுதி மரத்துப்போய் நிற்கிறது. வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். பலருக்குச் சில வாரங்களில் தசை பழையபடி வேலை செய்யத் தொடங்கிவிடும், ஆனால் முதல் சில நாட்கள் ஆபத்தானவை. தாளம் கெடலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம். மாரடைப்பா டாகோட்சுபோவா என்று கையைப் பிடித்துப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

அதிர்ச்சி உண்மையிலேயே இதயத்தை நிறுத்துமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1994 ஜனவரி 17-ம் தேதி அதிகாலை லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நிலநடுக்கம். அதற்கு முந்தைய வாரத்தில் அந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) இதய நோயால் திடீரென்று இறந்தவர்கள் நாளுக்குச் சராசரியாக 4.6 பேர். அன்று ஒரு நாளில் 24 பேர். லட்சக்கணக்கில் மக்கள் அதே அதிர்ச்சியை உணர்ந்து பிழைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பெரும்பாலும் பாதிக்கப்படுவது ஏற்கெனவே அடைப்போ தாளக் கோளாறோ மறைந்திருக்கும் இதயங்கள்தான்.

பிள்ளைகள் விஷயம், கொஞ்சம் கவனமாக

சில குடும்பங்களில் இதயத்தின் மின்னோட்டத்திலேயே பிறவிக் கோளாறு இருக்கும். நீண்ட க்யூடி என்பது அதில் ஒன்று. ஒரு வகையில் திடீர்ச் சத்தம், அதாவது அலாரம், போன் மணி, வெடிச்சத்தம், தாளத்தைக் குலைத்துவிடும். இன்னொரு வகையில் ஓட்டமும் நீச்சலும். கடற்கரைக்காரர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நன்றாக நீச்சல் தெரிந்த பிள்ளை ஆழமில்லாத தண்ணீரில் மூழ்கியிருந்தால், ஓடும்போதோ பயந்தபோதோ பிள்ளை மயங்கி விழுந்தால், நாற்பது வயதுக்குள் காரணம் தெரியாமல் யாராவது வீட்டில் இறந்திருந்தால், கூடப்பிறந்த எல்லோருக்கும் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். சாதாரணப் பரிசோதனைதான். பிடிபட்டால் மாத்திரையிலேயே பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

துக்க வீட்டில்

நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கத்தைவிட ஏறத்தாழ 21 மடங்கு கூடுகிறது என்று 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு சொல்லியது. முதல் வாரம் முழுக்க அந்த வாய்ப்பு கூடுதலாகவே இருக்கிறது.

நம் துக்க வீடுகளை நினைத்துப் பாருங்கள். அடுப்பு எரியாது. வயதானவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பந்தலில் வெயிலில் உட்கார்ந்திருப்பார். பிபி மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் உள் அறையில் எந்தப் பெட்டியிலோ. இரவு முழுக்கத் தூக்கமில்லை, கடுங்காப்பி மட்டும் வந்துகொண்டே இருக்கும். இதயத்தின் தாளத்தைக் கெடுக்க இதைவிட வேறு ஏற்பாடு தேவையில்லை. ஆகவே சொந்தக்காரர்களில் ஒருவர், மருமகனோ தம்பி மகளோ, இந்த ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் வயதானவர்களின் மாத்திரைகளைத் தேடி எடுத்து நேரத்துக்குக் கொடுப்பது. இதய வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர் ஒரு நாள் விட்டாலும் நாடி எகிறலாம். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் என்றால் கஞ்சியாவது குடித்த பிறகுதான். மணிக்கொரு தம்ளர் தண்ணீர் அல்லது மோர். கடுங்காப்பியை இரண்டு தடவையோடு நிறுத்துவது. ராத்திரி ஒரு நான்கு மணி நேரமாவது படுக்கவைப்பது.

பக்கத்து வீட்டில் இருந்து தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும், கடையில் தானாகவே படபடப்பு மாத்திரை கேட்டு வாங்குவதும் வேண்டாம். அப்படி வாங்கும் ப்ரோப்ரனோலால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சை இறுக்கி ஆபத்தாக்கிவிடலாம். சாராயம் துக்கத்தை மறக்கவைக்கும் என்று ஊற்றிக் கொடுப்பவர்களைத் தயவுசெய்து தடுங்கள்.

வாரங்கள் போன பிறகும் காற்று ஊளையிடும்போதோ போன் அடிக்கும்போதோ நெஞ்சு திக்கென்று அடித்துக்கொண்டே இருந்தால், அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டியதுதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போன இரவைக் குழந்தையாகக் கண்ட ஒரு பெரியவருக்கு, வாடை பலமாக வீசும் இரவுகளில் எழுபது வயதிலும் நாடி 110-ஐத் தாண்டியதை நானே எண்ணியிருக்கிறேன். நரம்புகள் மறப்பதில்லை. ஆனால் அவற்றுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க முடியும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. படபடப்பு நிற்கவில்லை என்றால் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நம் பெண்களில் பலருக்கு அங்கேதான் விடை கிடைக்கிறது.

செய்தி சொல்கிறவருக்கு

போனில் "உடனே கிளம்பி வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். கேட்டவர் வரும் வழியெல்லாம் தன் மனதில் இருபது சாவுகளைப் பார்த்துவிடுவார். முதலில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த இன்னொருவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உட்காரச் சொல்லுங்கள். "கஷ்டமான செய்தி" என்று ஒரு வாக்கியம், பிறகு நடந்ததை நேராக இரண்டே வாக்கியத்தில். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இதய நோயாளி என்றால் அவருடைய மாத்திரை, தண்ணீர், வண்டி மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். நல்ல செய்திக்கும் இதுவே வழி. டாகோட்சுபோ வந்தவர்களில் சிலருக்கு அது சந்தோஷ அதிர்ச்சியில் வந்திருக்கிறது.

மறுநாள் காலை அந்தப் படகு கிடைத்துவிட்டது. எஞ்சின் நின்று, காற்று இழுத்த பக்கம் போய், வேறு படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மருமகள் ராமநாதபுரத்துக்கு ஓடினார், வார்டு வாசலில் எனக்குப் போன் செய்தார். "உள்ள போய்ச் சொல்லிரவா சிஸ்டர்?" நர்ஸைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, கட்டிலில் சாய்ந்து உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லச் சொன்னேன். போனை அணைக்கவில்லை. மானிட்டரின் பீப் சத்தம் வேகமாவது எனக்குக் கேட்டது. 118 வரை போனதாக நர்ஸ் சொன்னார். "மூச்சை விடுங்கத்தே, மெதுவா விடுங்க" என்று மருமகள் சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் சத்தத்தின் இடைவெளி நீண்டது.